மூன்றடிச் சிறு மேம்பாடு

ஜூன் 9

ரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டிவிட்டதாம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், கோபத்தைக் குறைக்கச் சொன்னார், மனதில் இருப்பதை அவ்வப்போது எழுதிவைக்கச் சொன்னார். உப்பை என் மனைவி பிரபா பார்த்துக்கொள்வாள். கோபம் என் அலுவலகத்தின் கையில் இருக்கிறது. எனக்கு மிச்சம் எழுதுவதுதான்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சாட்டிலைட் திருத்தத் தகவலை டீகோட் செய்யும் மென்பொருள் எழுதுகிறேன் என்றேன். "ஓ, டிஷ் ஆண்டெனாவா?" என்றார். எம்.பி.பி.எஸ்., எம்.டி. படித்தவர். மழை பெய்து சீரியல் தெரியாமல் போனால் என் மாமனார் எனக்குத்தான் போன் செய்கிறார். டாக்டரும் அந்தக் கட்சிதான் போலிருக்கிறது.

ஒரே ஒரு தடவை விளக்கி எழுதிவிடுகிறேன், இனி யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சாட்டிலைட்டைக் கேட்டால் அது சில மீட்டர் தள்ளித்தான் சொல்லும். பிரியாணி கொண்டுவருகிறவருக்கு அது போதும். நிலம் அளக்கிறவருக்குப் போதாது. அதனால் இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு மொட்டை மாடியில் கம்பி நட்டு, அதன் தலையில் ஓர் ஆண்டெனாவை வைக்கிறார்கள். தன் இடம் அதற்குத் தெரியும் என்பதால், சாட்டிலைட் இந்த நொடியில் எவ்வளவு தப்பாகச் சொல்கிறது என்றும் அதற்குத் தெரியும். அதை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். வயலிலும் வரப்பிலும் நிற்கிற கருவி அந்த அறிவிப்பைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். மீட்டர் பிழை விரற்கடைக்கு வந்துவிடும்.

அந்த அறிவிப்பு தமிழிலோ ஆங்கிலத்திலோ வராது. பூஜ்யமும் ஒன்றுமாக, இடம் மிச்சம் பிடித்து, மூச்சு முட்டத் திணித்து வரும். ஓர் எண் முப்பத்தெட்டு பிட், அடுத்தது பதினாறு, அதற்கடுத்தது ஆறு. கம்ப்யூட்டருக்குப் பிடித்த அளவு ஒன்றுகூட இருக்காது. அந்த மூட்டையை அவிழ்த்து, எது எந்த எண் என்று பிரித்துக் கொடுப்பவன் நான். நேர்கோடு டெக்னாலஜீஸில் அந்தப் பகுதி முழுவதும் நான் எழுதியது. அடக்கமாகச் சொல்கிறேன்.

ஜூன் 15

எங்கள் அல்லியேரி நகர் குடியிருப்போர் சங்கக் கூட்டம். ஏரி என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தும் இங்கே தரைத்தள வீடு வாங்கிய அறிவாளிகள் நூற்றுச் சொச்சம் குடும்பம். அதில் நானும் ஒருவன். ஒவ்வொரு நவம்பரும் ஏரி தன் பழைய வீட்டுக்கு வந்துபோகும்.

பிரபாதான் சங்கச் செயலாளர். முன்னறையில் கேக் செய்து விற்கிறாள். போன நவம்பரில் தண்ணீர் உள்ளே வந்து ஓவன் இரண்டும் மூழ்கி, கிறிஸ்துமஸுக்கு ஊறிக்கொண்டிருந்த பழ ஜாடிகள் கூடத்தில் மிதந்து திரிந்தன. அவள் அழவில்லை. மறுநாளே மனு எழுத உட்கார்ந்தாள். நகராட்சி, வட்டாட்சியர், எம்.எல்.ஏ. ஆபீஸ் என்று அவள் ஏறி இறங்கிய படிகளைச் சேர்த்தால் ஒரு மலைக்கோயில் வரும். இன்று அறிவித்தாள்: எங்கள் தெருவிலிருந்து பெரிய ஓடை வரை மழைநீர் வடிகாலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இந்த வருடமும் தண்ணீர் வந்தால் ஓவன்களை விற்றுவிட்டு எங்கேயாவது சம்பளத்துக்குப் போவதாக வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் செய்வாள். அதுதான் பயம்.

காண்டிராக்டர் பயன்படுத்தப்போகும் அளவைக் கருவியில் ஓடுவது எங்கள் மென்பொருள் என்று தெரிந்ததும் நான் எழுந்து நான்கு வார்த்தை பேசும்படி ஆயிற்று. ஒவ்வொரு வரியையும் நானே சரிபார்த்தது என்றேன். கைதட்டினார்கள். மூக்குக் கண்ணாடி மங்கலாக இருந்தது, துடைத்துக்கொண்டேன். இந்த ஊர்த் தூசி சொல்லி மாளாது.

ஜூன் 28

அளவை வேலையைப் பார்க்கப் போனேன். சைட் இன்ஜினியர் குணாளன், நாற்பத்தைந்து வயது, நல்ல வெயிலிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுகிற மனிதர். வார்டு அலுவலக மொட்டை மாடியில் மூன்றடிக் கம்பி நட்டு ஆண்டெனா பொருத்தியிருந்தார். வழக்கமாக இந்த ஆட்கள் கருவி கேட்கிற விவரங்களில் பாதியை நிரப்பாமல் தள்ளிவிடுவார்கள், கம்பியின் உயரத்தைப் பூஜ்யம் என்று விட்டுவிடுவார்கள். குணாளன் டேப் வைத்து அளந்து சரியாக நிரப்பியிருந்தார். எல்லோரும் இவரைப் போல இருந்தால் என் வேலை சுலபம் என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

உயரத்தை ஒருமுறை சர்க்கார் அளவுக்கல்லோடு ஒப்பிடுவது முறை. அந்தக் கல்லின்மேல் இப்போது ஒரு டீக்கடையின் பாய்லர் நிற்கிறது. கடைக்காரர் நகர்த்த மாட்டேன் என்றார். டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். எங்கள் கருவி இருக்கும்போது கல் எதற்கு என்று நானும் சொன்னேன்.

ஜூலை 16

டெஸ்டிங் பிரிவில் மெஹருன்னிசா என்று ஒரு பெண். வந்து மூன்று மாதம்தான். முப்பது வயதுகூட இருக்காது, சந்தேகம் மட்டும் அறுபது வயதுக்கு இருக்கிறது. இன்று என் மேசைக்கு வந்து, மாடி ஆண்டெனா அனுப்பும் ஆயிரத்து ஆறாம் எண் செய்தியில் நான் உயரத்தை இரண்டு தடவை கூட்டுவதாகச் சொன்னாள்.

அந்தச் செய்தியில் இரண்டு விஷயம் இருக்கும். ஆண்டெனா இருக்கும் இடம் ஒன்று, கம்பியின் உயரம் இன்னொன்று. இடத்தோடு கம்பி உயரத்தை நான் கூட்டுகிறேன். அவள் கட்சி என்னவென்றால், சொல்லப்படும் இடமே கம்பியின் உச்சியில் இருக்கிற ஆண்டெனாவின் இடம்தான், அதில் கம்பி ஏற்கெனவே அடக்கம். ஸ்டூல்மேல் நிற்கிற ஆளைத் தரையிலிருந்து அளந்துவிட்டு ஸ்டூலின் உயரத்தை மறுபடியும் கூட்டுகிறீர்கள் சார் என்றாள். எனக்கே ஸ்டூல் பாடம்.

ஏழு வருடமாக ஓடுகிறது, ஒருவரும் குறை சொன்னதில்லை என்றேன். கம்பி உயரத்தை யாரும் நிரப்பாததால் தெரியாமல் இருந்திருக்கும், ஒழுங்காக நிரப்பினவருக்குத்தான் தப்பாக வரும் என்றாள். இந்தச் செய்திகளுக்கு விதி சொல்லும் தர ஆவணத்தை முழுதாகப் படித்திருக்கிறாயா என்று கேட்டேன். படித்திருக்கிறாளாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் படித்துவிட்டுப் பேசுகிற திமிர்.

ஜூலை 17

மெஹர் சொன்னது முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

ஜூலை 18

தர ஆவணத்தை எழுதியவர்களைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். அந்த வாக்கியத்தை எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தால் ஒருவன் அதைப் படிக்காமல் தாண்டிப் போவான்? அது கிடக்கட்டும். என் மென்பொருளில் கம்பி உயரத்தைக் கூட்டுகிற வரியை எடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

மெஹர் அதோடு விடவில்லை. வாடிக்கையாளர் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டுமாம். பழைய கணக்கில் அளந்தவருக்கு எல்லா உயரமும் ஒரே அளவு ஏறியிருக்கும். எல்லாம் சேர்ந்து ஏறியிருப்பதால் அவருக்குத் தொந்தரவு இல்லை. பள்ளம் பள்ளமாகவும் மேடு மேடாகவும் இருக்கும். ஆனால் வரைபடம் பழைய கணக்கில் இருந்து, வேலையின் நடுவில் புது வெர்ஷன் வந்து உட்கார்ந்தால் அங்கேதான் வம்பு. அன்றைக்கு முதல் கட்டுவதெல்லாம் கம்பியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு மேலே போய்விடும். "சொல்லாம திருத்துறதுக்கு, திருத்தாமலே விட்டுடலாம் சார்" என்றாள். அறிவிப்பையும் அவளே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். முதல் வரியிலேயே 'தவறு' என்று இருந்தது.

அவளுக்கு எங்கள் அலுவலகச் சம்பிரதாயம் தெரியவில்லை. ஒவ்வொரு வெர்ஷனோடும் ஒரு மாற்றக் குறிப்பு போகும். அதில் 'தவறு' வரக்கூடாது, 'பிழை' வரக்கூடாது, 'திருத்தம்' வரவே கூடாது என்பது மேனேஜர் சாலமனின் கட்டளை. நாங்கள் விற்பதே திருத்தத் தகவல்தான். திருத்தம் விற்கிற கடையில் திருத்தம் என்ற சொல்லுக்குத் தடை. வருடக்கணக்காக எங்கள் மாற்றக் குறிப்பு ஒரே வரி: 'சில சிறு மேம்பாடுகள்.'

ஜூலை 21

அறிவிப்பை சாலமனுக்கு அனுப்பியாகிவிட்டதா என்று மெஹர் கேட்டாள். அனுப்பிவிட்டேன் என்றேன். அனுப்புவதாகத்தான் இருந்தேன். ஆனால் செப்டம்பரில் மென்பொருள் ஆர்க்கிடெக்ட் பதவி உயர்வுக்கான பட்டியல் போடுகிறார்கள். 'ஏழு வருடமாகத் தப்பாகக் கூட்டினான்' என்ற மெயிலை நானே என் பெயருக்கு மேல் வைத்து அனுப்புவது தற்பெருமை ஆகிவிடும்.

அலுவலக ஏ.சி.யில் கண்ணாடியில் ஈரம் படிகிறது. புது ஃபிரேம் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

புது வெர்ஷன் வெளியானது. சில சிறு மேம்பாடுகள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அழைப்பு வராததுதான் நல்ல மென்பொருளுக்கு லட்சணம்.

ஆகஸ்ட் 20

ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. எழுதுவதால் என்கிறார் டாக்டர். அவர் வீட்டு டிவியில் இரண்டு சேனல் வரவில்லை என்றும் சொன்னார்.

வடிகால் வேலை ஓடைப் பக்கத்திலிருந்து தொடங்கி நன்றாக நடக்கிறது. கான்கிரீட் போட்டு ரேஷன் கடை முனை வரை வந்துவிட்டார்கள். இனி அங்கிருந்து எங்கள் தெரு. பிரபா தினமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். சாதாரணமாக எதற்கும் முகம் மலராதவள், இன்று ஈரச் சாக்கடைச் சுவரைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. புது பழ ஜாடிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாள்.

ஆயுத பூஜை வருவதற்குள் அளவைக் கருவிகளின் டேப்லெட்களை எல்லாம் புது வெர்ஷனுக்கு மாற்றிவிட வேண்டும் என்று குணாளனுக்கு அவர் கம்பெனியிலிருந்து உத்தரவாம். ஒழுங்கான மனிதர், நேற்று உத்தரவு வந்த கையோடு மாற்றிவிட்டாராம். பிரபாதான் சொன்னாள்.

ஜாடிகளை எந்த அலமாரியில் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 11

ரேஷன் கடை முனை வழியாக நடந்து வந்தேன். அதுவரை தரைமட்டத்துக்கு வந்த வடிகால், அங்கிருந்து எங்கள் தெருவில் சுவர்போல எழும்பி நிற்கிறது. சாலையிலிருந்து இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. மூன்றடி இருக்கலாம். அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதுதான் எங்கள் ஊரின் அழகு. எதிர்வீட்டு சிகாமணி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வடிகால் எவ்வளவு உயரமோ அவ்வளவு பாதுகாப்பு என்றார். மேற்பார்வைக்கு வந்த நகராட்சி அதிகாரி, அடுத்த வருடம் சாலையை உயர்த்துவோம், அப்போது சரியாகிவிடும் என்றாராம். சாலையை உயர்த்தினால் வீடு பள்ளத்துக்குப் போகுமே என்று பிரபா கேட்டாளாம். வீட்டையும் உயர்த்திக்கொள்ளுங்கள் என்றாராம். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ஒரு படி மூழ்குகிற ஊரில், தலைக்கு மேலே வடிகால் ஓடினாலும் ஏதோ திட்டம் என்று நம்புவார்கள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. உப்பில்லாத சாம்பார்.

செப்டம்பர் 13

சுவர் வேலை திருப்தி என்று சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம். பிரபாவுக்கு மனசு ஒப்பவில்லை. தண்ணீர் மேலே ஏறியா வடிகாலுக்குள் போகும் என்று கேட்டாள். குணாளனைக் கேட்டிருக்கிறாள். அவர் டேப்லெட்டைக் காட்டி, வரைபடத்தில் இருக்கிற உயரமும் கட்டின உயரமும் விரற்கடை பிசகாமல் ஒத்துப்போகிறது அக்கா என்றாராம்.

கடைசியில் என்னிடம் வந்தாள். "ஏங்க, அந்த மிஷினை நம்பலாமா? நீங்க சொன்னா போட்டுர்றேன்" என்றாள். நம்பலாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கருவி இன்றைக்கு உண்மையான உயரத்தைத்தான் காட்டுகிறது. ஏழு வருடத்தில் இப்போதுதான் சரியாகக் காட்டுகிறது.

கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன், அவள் போட்ட கையெழுத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 6

ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டேன். சாலமன் மைசூர்பாக் வாங்கிவந்து, குறையே இல்லாத வெர்ஷன் என்று என்னை முன்னால் நிறுத்திப் புகழ்ந்தார். மைசூர்பாகில் நெய் குறைவு. எல்லோரும் போன பிறகு மெஹர் வந்தாள். வாழ்த்துச் சொன்னாள். பிறகு, உங்கள் தெருவில் வடிகால் கட்டுகிறார்களே, அதற்காக நட்ட கம்பியின் உயரத்தை நிரப்பியிருக்கிறார்களா என்றாள். பார்க்கவில்லை என்றேன். அறிவிப்பு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றாள். எல்லோருக்கும் போயிருக்கும் என்றேன். "சாலமன் சார் அப்படி ஒரு மெயிலே வரலைன்னு சொல்றாரே" என்றாள். கீழே போய் ஒரு புது கண்ணாடித் துணி வாங்கிவந்தேன்.

அக்டோபர் 9

குணாளனைத் தெருமுனையில் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, ஒருவேளை எங்காவது உயரத்தில் தப்பு இருந்தால் இப்போது என்ன செய்ய முடியும் என்று விசாரித்தேன். மேல்மூடி இன்னும் போடவில்லை, எங்கே தப்பு என்று எழுத்தில் யாராவது கொடுத்தால் பெரிய மழைக்கு முன்னால் உடைத்து இறக்கிவிடலாம் என்றார். "ஏன் சார், ஏதாச்சும் இருக்கா?" என்றார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. என்னைப் பார்த்தால் படித்த மனிதன் மாதிரி தெரிகிறது போலிருக்கிறது.

சும்மா கேட்டேன் என்றேன். பதவிக் கடிதத்தில் ஆறு மாதம் பரிசோதனைக் காலம் என்று போட்டிருக்கிறது. அது முடிகிறவரை எதையும் கிளறாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது. குடும்பத்துக்காகத்தான் இதெல்லாம்.

அக்டோபர் 10

மனசு கேட்கவில்லை. குணாளனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒரு ரிங் விட்டேன்.

அக்டோபர் 24

மேல்மூடி போட்டுவிட்டார்கள். சிகாமணி அதன்மேல் காலை நடை போகிறார்.

நவம்பர் 14

நேற்றிலிருந்து மழை. விடுமுறை விட்டுவிட்டார்கள். பிரபா ஜன்னலை விட்டு நகரவில்லை. முன்னறையில் முந்நூறு கேக்குக்கான பழம் ஊறுகிறது. வடிகால் இருக்கிறது, பயமில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது காதில் விழுந்தது. நான் ஓவன்களைக் கட்டில்மேல் ஏற்றிவைக்கலாமா என்றேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

நவம்பர் 15

விடியும்போது தெருவில் முழங்கால் தண்ணீர். ஒன்பது மணிக்கு எங்கள் வாசற்படியைத் தாண்டியது. மேல்மூடியில் விட்டிருந்த துவாரம் வழியாக வடிகாலுக்குள் குனிந்து பார்த்தேன். மழைத்துளி விழுந்த ஈரம்தான். ஏரி முழுக்கத் தெருவில் நின்றுகொண்டு வடிகால் சுவரை அலம்பிக்கொண்டிருந்தது. ஊரிலேயே காய்ந்த இடம் அந்த வடிகாலின் உள்பக்கம்தான்.

கொஞ்ச நேரத்தில் மொத்தத் தெருவும் வடிகால்மேல் ஏறிவிட்டது. நல்ல அகலமான மேல்மூடி. பாய் விரித்தார்கள், ஸ்டவ் வைத்து உப்புமா கிண்டினார்கள், சிகாமணி குடை பிடித்து பேப்பர் படித்தார். எங்கள் ஓவன் ஒன்றை நானும் இன்னும் மூன்று பேரும் தூக்கிவந்து அதன்மேல் வைத்தோம். இன்னொன்று நான் அடுத்த அறையில் இருக்கும்போதே மூழ்கிவிட்டது. ஜாடிகள் மறுபடியும் கூடத்தில் மிதந்தன. பிரபா ஒன்றையும் பிடிக்கப் போகவில்லை. அவை முட்டி மோதுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பற்றி எழுதி என் ரத்த அழுத்தம் குறையப்போவதில்லை.

படகில் நகராட்சி அதிகாரி வந்தார். ஜனங்கள் பிடித்துக்கொண்டதும், இந்த உயரம் திருப்தி என்று உங்கள் செயலாளர் அம்மாதானே கையெழுத்துப் போட்டார் என்று கைகாட்டிவிட்டார். அத்தனை முகமும் பிரபா பக்கம் திரும்பியது. நேற்றுவரை அக்கா அக்கா என்றவர்கள். காண்டிராக்டரிடம் எவ்வளவு வாங்கினாள் என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். 

குணாளன் தொடையளவுத் தண்ணீரில் கருவியையும் டேப்லெட்டையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். அவரை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக காலையிலேயே போன் வந்துவிட்டதாம். கருவியைச் சுவர்மேல் வைத்து எல்லோருக்கும் காட்டினார். வரைபட உயரமும் சுவர் உயரமும் ஒன்று, பச்சை விளக்கு. எங்கே தப்பு செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்றார். 

பிரபா டேப்லெட்டை வாங்கி என்னிடம் நீட்டினாள். "நீங்க எழுதினதுதானே இது. இது சரியாத்தான் காட்டுதா?"

"சரியாத்தான் காட்டுது" என்றேன். மழையில் கண்ணாடி முழுக்க நனைந்து ஒன்றும் தெரியவில்லை. கழற்றுவதற்குக் கையைத் தூக்கினேன்.

"கண்ணாடியைத் தொடாம ஒரு தடவை சொல்லுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து இவள் இதைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். செப்டம்பரில் அந்தக் கையெழுத்தைப் போட்டபோதும் பார்த்திருப்பாள். பார்த்தும், இந்த ஒரு விஷயத்திலாவது மனுஷன் நிஜம் பேசுவான் என்று நம்பிப் போட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மூக்கின்மேல் தண்ணீர் வழிந்தது, தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சொன்னேன். வரைபடம் பழைய கணக்கு, ரேஷன் கடை வரை கட்டியதும் பழைய கணக்கு, அதற்குப் பிறகு கட்டியது புதுக் கணக்கு. நடுவில் மாற்றியவன் நான், மாற்றியதை ஒருவரிடமும் சொல்லாதவனும் நான். மழைச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். சாட்டிலைட், டீகோட் எல்லாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் வேலை என்னவென்று எல்லோருக்கும் ஒரே தடவையில் புரிந்தது.

குணாளன் மட்டும், "ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே சார்" என்றார்.

பண்ணினேன், நீங்கள் எடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாக இடி இடித்தது.

நவம்பர் 19

மெஹர் எழுதிய அறிவிப்பை ஒரு சொல் மாற்றாமல் என் பெயரில் எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பினேன். 'தவறு' முதல் வரியிலேயே இருந்தது. இன்னும் மூன்று ஊரில் வேலையை நிறுத்தி அளந்து பார்க்கிறார்கள். சாலமன் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். கணக்குத் தப்பானதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, 'சிறு மேம்பாடு' என்று போட்டிருக்கலாமே என்பதுதான் அவர் துக்கம். ஆர்க்கிடெக்ட் பதவி திரும்பப் போய்விட்டது. காலவரையில்லாமல் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மெஹர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடத்தில் வரும் செய்திகளை இனி அவள்தான் அவிழ்ப்பாள்.

குணாளனுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். அவர் வேலை தப்பித்தது. நன்றி சொல்வார் என்று நினைத்தேன். காகிதத்தை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 24

தண்ணீர் வடிந்துவிட்டது. ரேஷன் கடை முனையிலிருந்து வடிகாலை உடைக்கிறார்கள். பிரபா மூழ்கிய ஓவனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தப்பித்த ஓவனைத் தன் தோழி வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டாள். அவளும் அங்கேதான் பகல் முழுக்க இருக்கிறாள். என்னோடு அவள் பேசுவது மளிகை அளவில் நிற்கிறது. சங்கத்தில் மறுபடியும் செயலாளராக இருக்கச் சொல்லிக் கேட்டார்களாம். முடியாது என்றுவிட்டாளாம்.

இன்னொரு புயல் சின்னம் இருப்பதாகச் செய்தி. வாசலில் குறுக்குச் சுவர் எழுப்ப மேஸ்திரியை வரவழைத்திருந்தாள். செங்கல்லும் கலவையும் தயார். நான் சும்மா இருக்க முடியாமல் பக்கத்தில் போய் நின்றேன். பல நாள் கழித்து என்னால் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றை மேஸ்திரி கேட்டார். "எவ்ளோ உயரம் வேணும் சார்?"

நான் வாயைத் திறந்தேன்.

"அவரைக் கேக்காதீங்க" என்று உள்ளேயிருந்து பிரபா சொன்னாள்.